மின்னஞ்சல் எங்கே நின்றது? எல்லையோர அழகு நிலையங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் சாலையில் நான் நடத்தும் அழகு நிலையத்துக்கு, ஒரு பக்கம் தக்கலை, கருங்கல் ஊர்களிலிருந்தும் மறுபக்கம் எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிய முதல் ஆண்டில், பலன் குறைந்தபோதெல்லாம் நான் கைவைத்தது விலைப்பட்டியலில்தான். பேஷியலுக்குப் பத்து சதவீதம் குறைத்தேன். ஆள் வரவில்லை என்றதும் இருபது ஆக்கினேன். கடிதமே கைக்குக் கிடைக்காதவருக்கு இருபது என்ன, ஐம்பது குறைத்தாலும் தெரியப் போவதில்லை என்பது புரிவதற்குள் ஆடி, ஆவணி இரண்டும் போய்விட்டன.

அனுப்பிய மின்னஞ்சல் நான்கு வாசல்களைக் கடந்த பிறகுதான் நாற்காலியில் ஆள் உட்காருகிறார். பெறுநரின் மின்னஞ்சல் நிறுவனம் அதை ஏற்க வேண்டும். ஏற்றதை, வேண்டாத அஞ்சல்களை ஒதுக்கும் ஸ்பேம் பெட்டியில் தள்ளாமல் இன்பாக்ஸில் வைக்க வேண்டும். பெறுநர் அதைத் திறந்து தமக்குப் புரியும் மொழியில் படிக்க வேண்டும். படித்தவர் அந்த நொடியிலேயே நம்மைத் தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும். எந்த வாசலில் நின்றது என்று கண்டுபிடிக்கும் வரை விலையையும் படத்தையும் வாசகத்தையும் தொட வேண்டாம். அனுப்பும் சேவையின் (பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மொத்தமாகக் கடிதம் அனுப்பித் தரும் இணைய நிறுவனத்தின்) அறிக்கையில் எத்தனை திரும்பின, எத்தனை திறக்கப்பட்டன, எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள், எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் ஸ்பேம் என்று புகார் செய்தார்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அதன் பக்கத்தில் அந்த வாரத்து முன்பதிவு நோட்டை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே உள்ளவற்றில் உங்கள் நிலையத்தில் தெரியும் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: அனுப்பியவற்றில் பல திரும்பி வருகின்றன

திரும்பி வரும் அறிவிப்பில் உள்ள எண்ணை முதலில் படியுங்கள். 550 5.1.1 என்றிருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று பொருள். 552 5.2.2 என்றிருந்தால் முகவரி உண்டு, பெட்டி நிரம்பிவிட்டது. 550 5.7.26 என்றிருந்தால் குற்றம் பெறுநர் பக்கத்தில் இல்லை. நம் அனுப்புநர் முகவரிக்கு அத்தாட்சி இல்லை என்று ஜிமெயில் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதற்கான மருந்து அடுத்த அறிகுறியில் வருகிறது.

இல்லாத முகவரிகள் பெரும்பாலும் நம் வரவேற்பு மேசையில்தான் பிறக்கின்றன. வாடிக்கையாளர் வாயால் சொல்ல, மேசையில் இருக்கும் பெண் காதால் கேட்டு எழுதுகிறார். ஸ்ரீஜா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வருவது ஒற்றை ‘ஐ’ எழுத்தா, இரட்டை ‘ஈ’ எழுத்தா என்பதில் எல்லையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒற்றுமை இல்லை. ஒரே தெருவிலேயே இல்லை. கீதாவுக்கும் அதே சிக்கல். கடைசியில் வரும் ‘காம்’ என்பதில் ஓரெழுத்து விடுபடுவதும், ஜிமெயில் என்ற சொல்லிலேயே எழுத்துகள் இடம் மாறுவதும் தனிக் கணக்கு. எங்கள் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தபோது, ஜிமெயில் என்பது ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்தது.

இதற்கு நான் கண்ட வழி, முகவரியை வாடிக்கையாளரே தம் கையால் தட்டச்சு செய்யும்படி ஒரு டேப்லெட்டை மேசையில் வைத்ததுதான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முடிப்பதற்குள் ஒரு வரவேற்பு மின்னஞ்சல் தானாகப் போகும், எழுந்து பணம் கட்டும்போது “மெயில் வந்ததா?” என்று கேட்டுவிடுகிறோம். வரவில்லை என்றால் அங்கேயே திருத்திக்கொள்கிறோம்.

பெட்டி நிரம்பிய முகவரிகளை உடனே நீக்க வேண்டாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடத்தில் 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் புகைப்படங்களும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. கல்யாண வீட்டுப் படங்களால் பெட்டி நிரம்பியவர்கள் நம் பட்டியலில் எத்தனையோ பேர். மூன்று முறை திரும்பிய பிறகு நிறுத்திவைத்து, அவர் அடுத்த முறை நேரில் வரும்போது கேட்டுக்கொள்ளலாம். ஆனால் 5.1.1 என்று திரும்பியதை ஒருமுறைக்கு மேல் முயலக் கூடாது. இல்லாத முகவரிகளுக்கே திரும்பத் திரும்ப அனுப்புபவரை ஸ்பேம் வியாபாரியாகவே மின்னஞ்சல் நிறுவனங்கள் கருதும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர்கள் அலுவலக முகவரியைக் கொடுப்பது வழக்கம். வேலை மாறியதும் அது செத்துவிடும். சொந்த முகவரியைத் தரும்படி அன்றே கேட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: எல்லாம் போய்ச் சேர்ந்ததாக அறிக்கை சொல்கிறது, வாடிக்கையாளரோ வரவே இல்லை என்கிறார்

இது இரண்டாவது வாசல். என் அனுபவத்தில் அதிகம் நிற்பதும் இங்கேதான். ஏனெனில், ஸ்பேம் பெட்டிக்குப் போனதையும் அனுப்பும் சேவை ‘சேர்ந்தது’ என்றே கணக்கிடுகிறது.

முதல் கேள்வி: அனுப்புநர் இடத்தில் இருப்பது எந்த முகவரி? நிலையத்தின் பெயரில் ஓர் இலவச ஜிமெயில் முகவரி வைத்துக்கொண்டு, அதையே அனுப்பும் சேவையில் கொடுத்திருந்தால், கோளாறு அங்கேயே தொடங்குகிறது. அந்தக் கடிதம் கூகுளின் கணினியிலிருந்து கிளம்பவில்லை. வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து கிளம்பி, ஜிமெயில் என்று பெயர் சொல்லிக்கொண்டு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பவரை எந்தக் காவலாளி உள்ளே விடுவார்? தன் பெயரில் இப்படி வரும் கடிதங்களை ஏற்க வேண்டாம் என்று யாகூ 2014 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பலாமே என்றால், ஒரு நாளைக்கு 500 பெறுநர் என்ற வரம்பு இருக்கிறது; அதோடு யார் விலகினார், எது திரும்பியது என்ற கணக்கையெல்லாம் கையால் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே நிலையத்தின் பெயரில் சொந்த டொமைன் ஒன்று, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர், வாங்க வேண்டும். வாங்கியதும் அதன் டி.என்.எஸ். பகுதியில் (அந்தப் பெயருக்குரிய விவரங்களைப் பிற கணினிகள் தேடிப் பார்க்கும் பதிவேட்டில்) மூன்று பதிவுகளைச் சேர்க்க வேண்டும். எஸ்.பி.எஃப். என்பது எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவை என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு கடிதத்திலும் விழும் முத்திரை. வழியில் யாரும் மாற்றி எழுதவில்லை என்பதற்குச் சாட்சி. டிமார்க் என்பது இந்த இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறும் நிறுவனத்துக்கு நாம் எழுதிவைக்கும் அறிவுரை. தொடக்கத்தில் ‘ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு’ என்ற அளவில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றில் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000 கடிதத்துக்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் கட்டாயம். நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். மூன்றையும் போட அரை மணி நேரம் போதும் என்பதால், ஒன்றோடு நிறுத்துவதில் மிச்சமாவது ஏதுமில்லை.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் பெட்டி ஒரு நிறுவனத்திடம், கடிதம் அனுப்பும் சேவை இன்னொரு நிறுவனத்திடம் இருந்ததால், இருவரும் கொடுத்த எஸ்.பி.எஃப். வரிகளை இரண்டு தனிப் பதிவுகளாகச் சேர்த்துவிட்டேன். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். பதிவு ஒன்றே இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இருவரின் விவரத்தையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும் என்பதும், அந்த வரி பிற இடங்களில் தேடச் சொல்லும் குறிப்புகள் மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது என்பதும் எனக்கு ஓணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஓணத்துக்கு அனுப்பியதெல்லாம் ஸ்பேமில் கிடந்தது.

சரிபார்ப்பது எளிது. உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பி, கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்தக் கடிதத்தின் மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே மூன்று வரிகளிலும் ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். ஒன்றில் ‘ஃபெயில்’ இருந்தாலும் அடுத்த கடிதத்தை நிறுத்தி வையுங்கள்.

மூன்றும் தேறியும் ஸ்பேமுக்கே போனால், புகார்களைப் பாருங்கள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பதே நல்லது என்று கூகுள் சொல்கிறது. பெரிய கடைகளுக்கு இது எளிது. 400 பேர் உள்ள பட்டியலில் ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே 0.25 ஆகிவிடுகிறது, இருவர் அழுத்தினால் கோட்டைத் தாண்டிவிடுகிறோம். சிறு நிலையத்துக்கு ஒரு வாடிக்கையாளரின் எரிச்சல்கூடப் பெரிய செலவு. திருமண மண்டபத்திலிருந்தோ கண்காட்சியிலிருந்தோ கிடைத்தது என்று யாராவது முகவரிப் பட்டியல் நீட்டினால், இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். விலகல் இணைப்பை அடியில் மங்கலான எழுத்தில் ஒளித்து வைப்பதும் வேண்டாம். வெளியே போக வழி தெரியாதவர்தான் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார். விலகியவருக்கு இரண்டு நாளுக்குப் பின் ஒரு கடிதமும் போகக் கூடாது.

புது டொமைன் வாங்கிய முதல் நாளே முழுப் பட்டியலுக்கும் அனுப்புவது சந்தேகத்தைக் கிளப்பும். கடந்த இரு மாதங்களில் வந்து போன ஐம்பது பேரிலிருந்து தொடங்கி, வாரம் தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஜிமெயிலின் ‘புரமோஷன்ஸ்’ பகுதிக்குப் போவதைக் கண்டு பதற வேண்டாம். அது ஸ்பேம் அல்ல. விளம்பரம் விளம்பரப் பகுதியில் கிடப்பது நியாயம்தான்.

அறிகுறி: கடிதத்தில் தமிழுக்குப் பதில் கிறுக்கல் தெரிகிறது, அல்லது பாதியில் வெட்டுப்படுகிறது

நோட்டீஸ் அடிக்கும் டி.டி.பி. கடையிலிருந்து வாங்கிய வாசகத்தை அப்படியே ஒட்டினால் இது நேரும். அங்கே பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துரு இருக்கும் இடத்தில் மட்டும் தமிழாகத் தோற்றம் தருகிறது. மலையாளத்தில் ‘எம்.எல்.டி.டி.’ எனத் தொடங்கும் எழுத்துருக்களுக்கும் இதே கதிதான். வாசகத்தை எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்திய பிறகே ஒட்டுங்கள். மாற்றித் தரும் மென்பொருளில் ஒற்றும் கொம்பும் தவறிப்போவது உண்டு. ‘பெண்கள்’ என்பது வேறேதோ ஆகி வாடிக்கையாளர் சிரித்த அனுபவம் எங்களுக்கு இருக்கிறது.

வெட்டுப்படுவதற்குக் காரணம் வேறு. கடிதத்தின் நிரல் 102 கே.பி. அளவைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மடித்துவிடும். யூனிகோடில், பரவலாகப் பயன்படும் யு.டி.எஃப். 8 முறைப்படி, தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவைப்படுகிறது. ‘பார்லர்’ என்ற சொல்லுக்கு 21 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 போதும். மலையாளத்துக்கும் இதே கணக்கு. ஆகவே இரு மொழியையும் ஒரே கடிதத்தில் அடைத்து, வேர்டு கோப்பிலிருந்து ஒட்டியதால் கூடவே வந்த தேவையற்ற நிரலையும் சுமந்து செல்லும் கடிதம் எளிதில் எல்லையைத் தாண்டிவிடும். மடிந்து மறையும் பகுதியில்தான் விலகல் இணைப்பும், திறப்பைக் கணக்கிடும் சிறு படமும் இருக்கின்றன. திறப்பு எண்ணிக்கை திடீரென்று விழுந்து புகார் கூடினால், வெட்டு விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறிகுறி: திறப்பு விகிதம் அழகாக இருக்கிறது, முன்பதிவு நோட்டில் ஒரு பெயரும் இல்லை

திறப்பு விகிதத்தை நம்பி மகிழ்ந்த காலம் 2021 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அந்த மாதம் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 15 முதல், ஆப்பிளின் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களின் கடிதங்களில் உள்ள படங்களை, அவர்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. அறிக்கையில் அது திறப்பாக விழுகிறது. ஐபோன் வைத்திருப்போர் அதிகமுள்ள வளைகுடாக் குடும்பங்களின் பட்டியலில் எண்கள் பொங்கி நிற்பது இதனால்தான். இணைப்பை அழுத்தியவர்களையும் நேரில் வந்தவர்களையும் மட்டும் எண்ணுங்கள். நாங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சொல்லை வைக்கிறோம். ‘மேசையில் முல்லை என்று சொல்லுங்கள்’ என்றால், முல்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று நோட்டில் கோடு கிழித்து வைக்கிறோம். இதைவிட நம்பத்தக்க அறிக்கையை எந்த மென்பொருளும் எனக்குத் தந்ததில்லை.

உண்மையிலேயே திறந்தும் வரவில்லை என்றால், நான்காவது வாசலைப் பாருங்கள். கடிதம் முழுவதும் ஒரே போஸ்டர் படமாக இருக்கிறதா? படத்துக்குள் இருக்கும் தொலைபேசி எண்ணை விரலால் தொட்டு அழைக்க முடியாது. படம் இறங்காத போனில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். எண்ணை எழுத்தாக எழுதி, தொட்டால் அழைப்பு போகும்படியும், வாட்ஸ்அப் திறக்கும்படியும் இணைப்புக் கொடுங்கள். விலையை மறைத்து ‘விவரங்களுக்கு நேரில் வாருங்கள்’ என்று எழுதுவதும் ஒரு தடை. நம் ஊர்ப் பெண்கள் விலை தெரியாமல் படியேறத் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம்.

அறிகுறி: எல்லைக்கு அந்தப் பக்கத்தவர் திறப்பதே இல்லை, அல்லது தவறான காலத்தில் அழைக்கிறோம்

மேலே தமிழும் கீழே மலையாளமுமாக ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பி வந்தேன். தலைப்பு வரி தமிழில் இருந்ததால், மலையாளம் மட்டும் படிப்பவர் உள்ளே தம் மொழி இருப்பதையே அறியாமல் கடந்து போனார். அடுத்து, பின்கோடை வைத்துப் பிரித்தேன்: 629 எனத் தொடங்குபவர்களுக்குத் தமிழ், 695 எனத் தொடங்குபவர்களுக்கு மலையாளம். அதுவும் பிழைதான். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது கோடு நிலத்தில் விழுந்ததே ஒழிய வீடுகளுக்குள் விழவில்லை. விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீடுகள் உண்டு. பாறசாலையில் தமிழ் பேசும் வீடுகள் உண்டு. இரண்டையும் கலந்து பேசிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் இளம் பெண்கள் இரு பக்கமும் உண்டு. மேசையில் ஒரே ஒரு கேள்வி போதும்: “எந்த பாஷையில வேணும், சேச்சி?” அக்கா என்று கூப்பிட வேண்டியவரைச் சேச்சி என்றோ, சேச்சியை அக்கா என்றோ கூப்பிட்டாலும் இங்கே யாரும் கோபிப்பதில்லை; பதிலிலேயே மொழி தெரிந்துவிடும். அந்தப் பதிலைப் பட்டியலில் ஒரு தனிப் பத்தியாக வையுங்கள்.

மொழிக்கு அடுத்தது நாள்காட்டி. நம் ஆடியும் அவர்களுடைய கர்க்கடகமும் ஏறத்தாழ ஒரே மாதம்: ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரை. இரு பக்கமும் அந்த மாதத்தில் கல்யாணம் வைப்பது அரிது. ஆனால் மனநிலை வேறு. இந்தப் பக்கத்தில் ஆடி என்றால் தள்ளுபடி என்று துணிக்கடைகள் பழக்கியிருக்கின்றன. அந்தப் பக்கத்தில் கர்க்கடகம் உடம்பைப் பேணும் மாதம், எண்ணெய்க்கும் கஞ்சிக்கும் உரியது. ஒரே சேவையான தலை எண்ணெய் மசாஜையே, தமிழ்க் கடிதத்தில் ஆடிச் சலுகையாகவும், மலையாளக் கடிதத்தில் மழைக்காலப் பராமரிப்பாகவும் எழுதிய பிறகுதான் பாறசாலையிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. இருபது சதவீதத் தள்ளுபடியைத் தூக்கிக் காட்டிய பழைய கடிதத்துக்கு அங்கிருந்து ஒரு பதிலும் வந்திருக்கவில்லை.

ஆவணி, அதாவது அவர்களுடைய சிங்ஙம் மாதம் பிறந்ததும் இரு பக்கமும் கல்யாணங்கள் நெருக்கி வரும். ஓணமும் கூடவே வரும். மணப்பெண் அலங்காரத்துக்கான கடிதத்தை ஆவணியில் அனுப்புபவர் பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு வந்தவர். ஒத்திகை அலங்காரம், முகப் பராமரிப்பு, மருதாணி எல்லாவற்றுக்கும் நாள் குறிக்க வேண்டியிருப்பதால் அது ஆடி முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டருக்குப் பின்னுள்ள வாரங்களுக்காகத் தவக்காலத்தின் நடுவில் அடக்கமான ஒரு கடிதம் போதும். புனித வெள்ளியன்று ‘ஜொலியுங்கள்’ என்று ஒரு கடிதம் எங்கள் பெயரில் போனது. தானியங்கி அட்டவணையில் யாரும் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. மூன்று பேர் விலகினார்கள். ஒருவர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார், அவருக்கு நன்றி. பெருநாளுக்கு மருதாணிக்கான கடிதம் ரமலானின் கடைசிப் பத்து நாளுக்குள் போக வேண்டும். தேதி பிறையைப் பொறுத்தது என்பதால் இரண்டு நாளுக்கும் ஆள் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நேரமும் மாறும். நமக்குக் காலை 10 மணி என்றால் அமீரகத்தில் 8.30, சவூதியிலும் கத்தாரிலும் 7.30. 2022 ஜனவரியிலிருந்து அமீரக அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு; சவூதியில் வெள்ளி, சனி. விடுப்பில் ஊர் வருவதற்குமுன் முன்பதிவு செய்யும் இவர்களுக்கு, வெள்ளிக்கிழமை நம் மாலை நேரத்தில் அனுப்பியது எங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது.

அறிகுறி: ஒவ்வொரு கடிதத்துக்கும் பின் விலகுபவர்கள் கூடுகிறார்கள்

எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்புவதன் விளைவு இது. பட்டியலில் கடைசியாக வந்த தேதியும், அன்று செய்துகொண்ட சேவையும் இருந்தால் போதும். கடிதத்தின் நாளை அவையே தீர்மானிக்கும். புருவம் எடுத்தவருக்கு மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி தேவைப்படும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், சாயம் போட்டவருக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் வேரில் நரை தெரியும். அந்த வாரம் வரும் கடிதத்தை அவர் விளம்பரமாக நினைக்க மாட்டார். முதன்முறை சாயம் போட வருபவருக்கு, 48 மணி நேரம் முன்பே வந்து காதின் பின்புறத்தில் ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ளச் சொல்லும் கடிதம் போகட்டும். அதில் விற்பனைப் பேச்சு வேண்டாம். மணப்பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய நாள் புதிதாக பேஷியல் செய்துகொள்ள வேண்டாம், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள் என்று எழுதிய கடிதம்தான் எங்கள் பட்டியலிலேயே அதிகம் பிறருக்கு அனுப்பப்பட்டது.

கல்யாணம் முடிந்த பெண்ணை மணப்பெண் பட்டியலிலிருந்து மறுநாளே எடுத்துவிடுங்கள். நின்றுபோன கல்யாணம் என்றால் அன்றைக்கே. நின்றுபோனதை அறியாமல் ‘இன்னும் பத்தே நாள், புதுப்பெண்ணே’ என்று தானியங்கிக் கடிதம் ஒரு வீட்டுக்குப் போனது. அந்தப் பெண்ணின் சித்தி தொலைபேசியில் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து மணப்பெண்களுக்கான கடிதம் எதுவும், மேசையில் ஒருவர் பெயரைப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் கிளம்புவதில்லை.

அறிகுறி: ஒருவருடைய பதில் எல்லோருக்கும் போய்விட்டது

முகவரிகளை ‘டு’ கட்டத்தில் வரிசையாக இட்டிருக்கிறீர்கள். ஒருவர் பார்லருக்கு வருவது இன்னொருவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊரில் அது சின்ன விஷயமும் அல்ல. மன்னிப்புக் கடிதத்தைத் தனித்தனியாக அனுப்பிவிட்டு, அன்றே அனுப்பும் சேவைக்கு மாறுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக முகவரி வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறவும், கொடுத்த அளவுக்கு எளிதாக அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற வழி வைக்கவும் சொல்கிறது. 18 வயது நிரம்பாத கல்லூரிப் பெண் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மணப்பெண்ணின் படத்தைக் கடிதத்தில் போடுவதற்குத் தனியாக எழுத்தில் கேளுங்கள்.

அறிகுறி: நான்கு வாசலும் திறந்திருக்கின்றன; ஆனாலும் செவ்வாய்க்கிழமை நாற்காலி காலி

அப்படியானால் கடிதத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியைப் பாருங்கள். எங்கள் அழைப்புப் பதிவை எடுத்துப் பார்த்தபோது, கடிதம் போன நாளில் மதியம் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள் வந்த ஒன்பது அழைப்புகளில் ஏழை யாரும் எடுக்கவில்லை. அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை செய்யும் பெண்கள் சாப்பாட்டு வேளையில்தான் அழைக்கிறார்கள். எங்கள் மேசையில் இருக்கும் பெண்ணும் அதே நேரத்தில்தான் சாப்பிடப் போகிறாள். மீதி இரண்டை எடுத்தபோது அவர்கள் கேட்டது சனிக்கிழமை மாலை. அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. காலியாக இருந்த செவ்வாயைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

இப்போது கடிதம் எழுத உட்காரும்போது முதலில் முன்பதிவு நோட்டைப் பார்த்து, காலியான நேரங்களைத் தலைப்பு வரியிலேயே எழுதுகிறோம்: ‘செவ்வாய் 11 மணிக்கு இரண்டு இடம்’. போனில் முப்பது, முப்பத்தைந்து எழுத்துக்குமேல் தலைப்பு தெரியாது என்பதால் நாளும் நேரமும் முன்னால் வருகின்றன. கடிதம் போகும் நாளில் மேசைப் பெண் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறாள். ஒன்றிலிருந்து இரண்டரை வரை போன் என் கையில் இருக்கிறது.